போலீஸ்காரரின் பொறுமை பிறவிக் குணமா, சொல்லிக் கொடுப்பதா?

நீங்கள் எழுதியதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக்கில் நீங்கள் பிறந்து வளர்ந்த தோட்டம் கைமாறிவிட்டது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. எண்பது பேர் தோட்ட வாசலில் அட்டை பிடித்து நின்றீர்கள். பாதிக்கு மேல் வயதான பெண்கள். முதலில் ஸ்டேஷன் போலீஸ் வந்தது, பிறகு கலகத் தடுப்புப் படையின் சிவப்பு லாரி வந்தது. நெரிசலில் ஓர் இளம் போலீஸ்காரர் உங்கள் அத்தையைத் தள்ளினார், அவர் விழுந்தார். அதே வரிசையில் நின்ற இன்னொருவர் அவரைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "இருவரும் ஒரே பயிற்சி எடுத்தவர்கள்தானே? பொறுமை அவரவர் குணமா, இல்லை சொல்லிக் கொடுக்கிறார்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் பயிற்சி என்ற சொல் இருந்தாலும், அடியில் இருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. அத்தை விழுந்ததற்குப் பொறுப்பு அந்தப் பையனா, அவனை அங்கே அப்படி நிறுத்தியவர்களா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் தெலுக் இந்தானில் இருக்கிறேன். முப்பது வருடம் போலீஸ் வேலை, அதில் பதினொரு வருடம் எஃப்.ஆர்.யூ. என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கலகத் தடுப்புப் படையில். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், அம்மா அதே தோட்டத்தில் களை எடுத்தவர். உங்கள் தோட்ட வாசலில் அன்று நான் இல்லை, நடந்ததைப் பார்க்கவும் இல்லை. ஆகவே அந்த இளைஞரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: நான் கேடயத்துக்குப் பின்னால் நின்றவன். அத்தை நின்ற பக்கத்திலிருந்து எனக்குத் தெரியாதது நிறைய இருக்கும்.

குணம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் கோலாலம்பூரில் நடந்த இரண்டு பேரணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2012 ஏப்ரல் 28-இல், நேர்மையான தேர்தல் கேட்டுக் கூடிய பெர்சே 3.0. டத்தாரான் மெர்டேக்கா என்ற சுதந்திரச் சதுக்கத்தைச் சுற்றித் தடுப்பு போட்டிருந்தார்கள். பகல் முழுக்க அமைதியாக இருந்த கூட்டத்தில் சிலர் தடுப்பை உடைத்ததும் கண்ணீர்ப்புகை, தண்ணீர் பீரங்கி, அதன் பிறகு தெருத் தெருவாகத் துரத்தல். போலீஸ் அளவு மீறிய பலத்தைப் பயன்படுத்தியது என்று மனித உரிமை ஆணையமான சுஹாகாம் பின்னர் விசாரித்துச் சொன்னது. மூன்று வருடம் கழித்து, 2015 ஆகஸ்ட் 29, 30-இல் பெர்சே 4. கூட்டம் சட்டவிரோதம் என்று அறிவித்திருந்தார்கள், மஞ்சள் சட்டைக்கே தடை. ஆனாலும் இரண்டு நாளும் ஒரு கண்ணீர்ப்புகைக் குண்டுகூட வெடிக்காமல் முடிந்தது. அதே படை, அதே லாரி, பெரும்பாலும் அதே ஆட்கள். மூன்று வருடத்தில் ஆயிரக்கணக்கான போலீஸ்காரர்களின் பிறவிக் குணம் மாறிவிடுமா? கூட்டமும் அந்தத் தடவை தடுப்பை நெருங்காமல் நின்றது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மேலே இருப்பவர் "காத்திரு" என்றால் வரிசை காத்திருக்கும். எனக்கு உறுதியாகத் தெரிந்த முதல் விஷயம் இதுதான்.

வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று வெளியே தெரியாது. ஹெல்மெட், கால்காப்பு, கேடயம், தடி எல்லாவற்றோடும் தார்ச்சாலையில் நின்றால் அரை மணி நேரத்தில் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். விடியுமுன்பே லாரியில் ஏறியிருப்போம். காலையில் ஒரு நாசி லெமாக் பொட்டலம். பகல் சாப்பாடு கொண்டுவரும் வண்டி சாலை அடைப்பில் மாட்டிக்கொள்ளும். ஒதுங்க இடம் இருக்காது. எதிரே நிற்பவர்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் காதில் விழும், அதில் நம் தாயைப் பற்றியதும் இருக்கும். பதில் சொல்லக் கூடாது. பக்கத்தில் நிற்பவனின் மூச்சுச் சத்தத்தை வைத்தே அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்கலாம்.

நானும் ஒருமுறை தள்ளியிருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். அதிகாலையிலிருந்து நின்று மாலையாகிவிட்டது. முன்னால் இருந்த ஒரு பெரியவர் என் கேடயத்தின் மேல் கையை வைத்தார். களைப்பில் சாய்ந்துகொள்ளத்தான் வைத்தார் என்று இன்றைக்குப் புரிகிறது. அந்த நிமிடத்தில் கேடயத்தைப் பிடுங்க வருகிறார் என்றுதான் பட்டது. கட்டளை வராமலே தள்ளினேன். அவர் மல்லாந்து விழுந்தார். எங்கள் சார்ஜன் என் இடுப்புவாரைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்து, லாரி நிழலில் உட்காரவைத்து, என் இடத்தில் வேறொருவனை நிறுத்தினார். அவர் மலாய்க்காரர், அதிகம் பேசமாட்டார். இரண்டு மணி நேரத்துக்கு முன்பே உன்னை மாற்றியிருக்க வேண்டும், அது என் தப்பு என்று மட்டும் சொன்னார். அந்தப் பெரியவர் விழுந்ததற்கு நான்தான் பொறுப்பு, அதை யார் மேலும் போட மாட்டேன். ஆனால் பிற்பாடு எனக்குக் கீழே ஆட்கள் வந்தபோது, கடிகாரத்தைப் பார்த்து அவர்களை மாற்றினேன். பொறுமைக்கு ஒரு கொள்ளளவு உண்டு. ஆளை மாற்றுவது, தண்ணீர், நிழல், சாப்பாடு, எத்தனை மணிக்கு முடியும் என்று முன்கூட்டியே சொல்வது, இவையெல்லாம் அந்தக் கொள்ளளவைக் கூட்டும். கையேட்டில் இவை சின்ன எழுத்தில் இருக்கும். தெருவில் இவைதான் எல்லாம்.

இந்த இடத்தில் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2025 மே 13 காலை, எங்கள் ஊருக்கு அருகே சிக்குஸ் - சுங்கை லம்பாம் சாலையில் எஃப்.ஆர்.யூ. லாரியும் கல் ஏற்றிய லாரியும் மோதி 9 பேர் இறந்தார்கள். தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமி ஊர்வலத்துக்குக் காவல் நின்றுவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். நம் சாமி ஊர்வலத்துக்கு வழி விலக்கி நின்ற பிள்ளைகள். அத்தை விழுந்த கோபத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சிவப்பு லாரிக்குள் இருப்பவர்கள் யார் என்று தெரிந்திருக்கட்டும் என்றுதான்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். என் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததில் பெரும் பகுதி உடம்புக்கானது. வரிசை பிடிப்பது, கேடயத்தைப் பூட்டுவது, ஒன்றாக முன்னேறுவது, ஒன்றாகப் பின்வாங்குவது, கல் விழும்போது தலை தாழ்த்துவது, கட்டளை வரும்வரை அசையாமல் இருப்பது. வெளியாட்கள் இதை வன்முறைப் பயிற்சி என்று நினைப்பார்கள். உண்மையில் அசையாமல் இருக்கப் பழகுவதுதான் இதில் கடினம், கூட்டத்துக்குப் பாதுகாப்பும் அதில்தான். படையாக நின்று பழகியவன் தன் இஷ்டத்துக்கு ஓடமாட்டான். நான் பார்த்த மோசமான அடிதடிகள் பலவற்றில் கை ஓங்கியவர்கள் அவசரத்துக்குப் பல ஸ்டேஷன்களிலிருந்து அள்ளிக்கொண்டு வரப்பட்டவர்கள். அன்றுதான் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள். யார் கட்டளைக்குக் காத்திருப்பது என்றே தெரியாது. திருட்டு வழக்கு எழுதிக்கொண்டிருந்தவர் கையில் தடியைக் கொடுத்து முன்னால் நிறுத்தினால், அவர் பயத்தில் செய்வதெல்லாம் அதிகமாகத்தான் இருக்கும். உங்கள் அத்தையைத் தள்ளியவர் எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்தால் விசாரியுங்கள், என் பதிலில் பாதி அதைப் பொறுத்தது.

குறைவாகச் சொல்லிக் கொடுத்தது பேச்சு. எதிரே நிற்பவரிடம் என்ன பேசுவது, யாரிடம் பேசுவது, எப்போது பேசுவது என்று எங்களுக்கு ஒரு மணி நேரம்கூடச் சரியாக எடுத்ததாக நினைவில்லை. கலைந்து போகச் சொல்லும் கட்டளை ஒலிபெருக்கியில் மலாயில் வரும்: "பெர்சுராய்." தோட்டத்துப் பாட்டிக்கு அது எந்த மூலைக்குப் புரியும்? ஒருமுறை இதேபோல ஒரு தோட்டத்தில் வரிசையில் நிற்கிறேன். முன்னால் இருந்த ஒரு கிழவி என்னையே உற்றுப் பார்த்துவிட்டு, "நீ எந்தத் தோட்டத்துப் புள்ள?" என்று கேட்டார். பேசக் கூடாது என்பது விதி. அதிகாரி பக்கத்தில் இருந்தார், அவர் முகத்தைப் பார்த்தேன், பேசு என்று தலையசைத்தார். அம்மா வேலை செய்த தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். அந்தத் தோட்டத்தில் தன் தங்கையைக் கட்டிக் கொடுத்திருக்கிறார்களாம். அப்புறம் ஐந்து நிமிடம் பேச்சு ஓடியது. எந்த நேரத்துக்கு யார் வந்து மனுவை வாங்குவார்கள் என்று நான் அதிகாரியிடம் கேட்டுச் சொன்னேன். கூட்டம் அப்படியே தரையில் உட்கார்ந்தது. உட்கார்ந்த கூட்டத்தை யாரும் தள்ளுவதில்லை. அந்த அதிகாரி தலையசைக்காமல் இருந்திருந்தால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

இது என் அனுபவம் மட்டுமில்லை. கூட்டம் என்றால் அறிவு மழுங்கிய ஒரே மிருகம் என்ற பழைய எண்ணத்தை ஆய்வாளர்கள் எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். ஸ்டீபன் ரைக்கர், கிளிஃபர்ட் ஸ்டாட் போன்ற பிரிட்டிஷ் உளவியலாளர்கள் வருடக்கணக்கில் கூட்டங்களைப் பார்த்து எழுதியது இதுதான்: ஒரு கூட்டத்தில் பல மனம் கொண்டவர்கள் இருக்கிறார்கள். போலீஸ் எல்லோரையும் ஒரே மாதிரி எதிரியாக நடத்தினால் அவர்கள் ஒரே கட்சி ஆகிவிடுவார்கள், சும்மா நின்றவரும் கல்லெடுத்தவரோடு சேர்ந்துகொள்வார். பிரித்துப் பார்த்து நடத்தினால், கூட்டத்தில் இருப்பவர்களே கல்லெடுத்தவனின் கையைப் பிடிப்பார்கள். 2004-இல் போர்த்துகலில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் நகரப் போலீஸ் இந்த யோசனையை நடைமுறையில் வைத்தது. சாதாரண சீருடையில், இரண்டு இரண்டு பேராக, ரசிகர்களோடு பேசிக்கொண்டே நின்றார்கள். கவசப் படை கண்ணில் படாத தூரத்தில் காத்திருந்தது. அந்த நகரங்களில் பெரிய கலவரம் இல்லாமல் முடிந்தது. ஸ்வீடனில் 2001-இல் கோத்தன்பர்க் நகரில் போலீஸ் சுட்டு ஆர்ப்பாட்டக்காரர்கள் மூவர் காயமடைந்த பிறகு, பேசுவதற்கென்றே தனிப் போலீஸ் குழுவை உண்டாக்கினார்கள். கூட்டத்துக்கு முன்னும் பின்னும் இரு பக்கமும் போய் வருவதுதான் அவர்கள் வேலை. கவசப் படையைக் காட்டாமல் வைத்திருப்பது என்பதை நினைத்துப் பாருங்கள். எண்பது பேர், அதில் பாதி பாட்டிமார்கள். அவர்கள் முன்னால் சிவப்பு லாரியைக் கொண்டுவந்து நிறுத்தியதே தவறான முதல் அடி என்பது என் கருத்து. லாரியைப் பெரிய சாலையில் நிறுத்திவிட்டு, தமிழ் பேசும் ஒரு சார்ஜனை நடந்து போகச் சொல்லியிருக்கலாம்.

தோட்ட வாசலுக்கு இன்னொரு ஆபத்து உண்டு, பட்டணத்து அதிகாரிகளுக்கு அது எளிதில் தோன்றாது. எங்கள் கீழ்ப் பேராக் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களைப் பாருங்கள். ஒரே ஒரு மண்சாலை, இரண்டு பக்கமும் ஆழமான வாய்க்கால். வாசலில் போலீஸ் நின்றால் பின்னால் போக வழி லயம் மட்டும்தான். "கலைந்து போ" என்றால் எங்கே போவது? கட்டளை கொடுப்பதற்கு முன் வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், வழி இல்லையென்றால் முதலில் வழியைத் திறக்க வேண்டும். கண்ணீர்ப்புகை என்கிறோமே, அது வாயு இல்லை, நுண்ணிய தூள். காற்று போகும் பக்கம் போய்த் தாழ்வான இடத்தில் தங்கும். லயத்து வீடுகளில் தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் அது போய்ச் சேரும். வழியில்லாத இடத்தில் அதைப் போட்டால் என்ன நடக்கும் என்பதை நம் பக்கத்து நாட்டில் பார்த்தோம். 2022 அக்டோபர் 1-இல் இந்தோனேசியாவின் மாலாங்கில், கஞ்சுருஹான் கால்பந்து அரங்கத்தில் ரசிகர்கள் மேல் கண்ணீர்ப்புகை வீச, எல்லோரும் குறுகலான வாயில்களுக்கு ஓடி, 135 பேர் இறந்தார்கள். எந்தப் படைக்குப் பாடம் எடுத்தாலும் முதல் வகுப்பில் இதைத்தான் சொல்ல வேண்டும் என்பேன்.

நம் ஜனங்களுக்குச் சீருடையைக் கண்டாலே அடிவயிறு கலங்குவதற்குப் பழைய காரணமும் உண்டு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு அவர்கள் கேட்டவற்றில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கத் தேவையில்லை என்பது. தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள், ராணுவத்தை இறக்கினார்கள், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள். என் தாத்தா அந்தக் கதையைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். பிறகு 2007 நவம்பர் 25, இந்தியர்களின் உரிமை கேட்டுக் கூடிய ஹிண்ட்ராஃப் பேரணி. அன்றைய கண்ணீர்ப்புகையும் தண்ணீர் பீரங்கியும் இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் பேசப்படுகின்றன. வரிசையில் நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. எதிரே நிற்கும் பாட்டிக்கு நன்றாகத் தெரியும். அவர் கத்துவது கோபத்திலா பயத்திலா என்று அந்தப் பையனுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டப்படி, கூட்டத்துக்கு 5 நாளைக்கு முன் மாவட்டப் போலீஸ் தலைவருக்கு அறிவிக்க வேண்டும். முதலில் 10 நாளாக இருந்ததை 2019 திருத்தம் குறைத்தது. அறிவிக்காமல் விட்டால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் என்றிருந்த பிரிவு அரசியலமைப்புக்கு முரண் என்று 2025 ஜூலை 1-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆகவே அறிவிப்புக் கொடுக்காத ஒரே காரணத்துக்காக ஏற்பாட்டாளரைக் குற்றவாளி ஆக்க முடியாது. இதே சட்டத்தில், கைது செய்வதற்கு முன் மக்கள் தாமாகவே கட்டுப்படும்படி தேவையான முயற்சிகளைப் போலீஸ் எடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. கலைக்கும்போது பயன்படுத்தலாம் என்பது நியாயமான பலம் மட்டும்தான். எழுபது வயதுக்காரரை விழும்படி தள்ளுவது நியாயமான பலமா என்பது எவரும் கேட்கக் கூடிய கேள்வி. ஐ.நா.வின் 1990-ஆம் ஆண்டுக் கோட்பாடுகள் இன்னும் தெளிவாகச் சொல்கின்றன: சட்டவிரோதக் கூட்டமாகவே இருந்தாலும் வன்முறை இல்லையென்றால் பலத்தைத் தவிர்க்க வேண்டும், முடியாதபோது மிகக் குறைந்த அளவோடு நிறுத்த வேண்டும். அது நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல, ஆனால் பயிற்சிக்கு அளவுகோல். இன்னொன்று: தொழிற்சங்கச் சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்தமும் மறியலும் அமைதிப் பேரணிச் சட்டத்துக்குள் வராது. உங்களுடையது வீட்டுப் பிரச்சினை, ஆகவே அந்த விலக்கை நம்பி இறங்காதீர்கள். தோட்டச் சாலை கம்பெனியின் நிலமாக இருந்தால் அத்துமீறல் புகாரும் வரலாம், நிற்கும் இடத்தைப் பற்றி ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை உறுதியாகச் சொன்னேன். இனிச் சொல்வதில் அத்தனை உறுதி கிடையாது. சட்டையில் கேமரா மாட்டினால் போலீஸ் அடங்கிவிடும் என்பார்கள். கலிபோர்னியாவின் ரியால்ட்டோவில் 2012-இல் தொடங்கிய சோதனையில் பலப்பிரயோகம் வெகுவாகக் குறைந்தது. 2017-இல் வெளியான வாஷிங்டன் ஆய்வில், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட போலீஸாரை வைத்துப் பார்த்தும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பொறுமைக்கென்று மூன்று நாள் வகுப்பு எடுத்தால் அது எத்தனை மாதம் நிற்கும் என்பதும் சந்தேகம்தான். வருடா வருடம் பழகாத எதுவும் கேடயத்துக்குப் பின்னால் நினைவுக்கு வராது என்பது நான் கண்டது. உள்ளூர்க்காரரை வரிசையில் நிறுத்துவது நல்லதா என்பதிலும் இரண்டு பக்கம் உண்டு. எனக்கு அது உதவியது. வேறொரு நண்பருக்கு, சொந்தச் சித்தப்பாவே எதிரில் நிற்க, கை நடுங்கிவிட்டது.

உங்கள் கேள்விக்குத் திரும்புகிறேன். தண்ணீர் கொடுத்தவர் நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் அவர் குனிந்து தூக்க முடிந்ததே அந்த நேரத்தில் வரிசையை விட்டு விலக அவருக்கு இடம் கிடைத்ததால்தான். தள்ளியவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவரோடு, அன்று கட்டளை யாரிடம் இருந்தது, ஆட்கள் எத்தனை மணி நேரமாக நின்றார்கள், தமிழில் பேச யாராவது அனுப்பப்பட்டார்களா என்ற கேள்விகளுக்கும் பதில் வர வேண்டும். புகார் எழுதும்போது இந்த மூன்றையும் எழுதுங்கள். தள்ளியவர் மேல் மட்டும் எழுதினால் விஷயம் அவரோடு முடிந்துவிடும். அத்தையை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் அறிக்கை வாங்குங்கள், போலீஸ் புகார் செய்து அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலை 1 முதல் போலீஸ் நடத்தைக்கென்று தனி ஆணையம் செயல்படுகிறது. அங்கேயும் சுஹாகாமிலும் ஒரே விவரத்தை, ஒரே தேதி நேரத்தோடு கொடுங்கள்.

மறுபடியும் கூடப் போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அறிவிப்பைத் தபாலில் போடாமல் மூன்று பேர் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். மூவரில் ஒருவர் மலாய் நன்றாகப் பேசுகிறவராக இருக்கட்டும், ஒருவர் வயதான பெண்ணாக இருக்கட்டும். எந்த இடத்தில் உட்காருவீர்கள், எத்தனை மணிக்கு முடிப்பீர்கள், மனுவை யார் வாங்குவார் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். லாரி வாசலுக்கு வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள், பல அதிகாரிகள் ஒப்புக்கொள்வார்கள். அன்று அத்தைக்கும் மற்றவர்களுக்கும் நாற்காலி போடுங்கள், முன்வரிசையில் வேண்டாம், சாலையின் லயத்துப் பக்கமாக. வாய்க்கால் ஓரத்தில் கயிறு கட்டிவிடுங்கள். தண்ணீர்ப் புட்டிகள் வாங்கும்போது வரிசையில் நிற்கப்போகிறவர்களுக்கும் சேர்த்து வாங்குங்கள்.